அக்காவிடம் கேளுங்கள்: பாப்பா வந்தாச்சு, ஞானஸ்நானம் எப்போது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலும் பச்சைக்குழந்தை சமாச்சாரம்தான். ஞானஸ்நானம், பெயர், ஞானப்பெற்றோர், ஜெபம் பண்ண வரும் கூட்டம் என்று ஆளுக்கொரு கவலை. மொத்தமாக உட்கார்ந்து படித்தபோது ஒன்று உறுத்தியது. தாத்தா என்ன சொன்னார், பாட்டி என்ன சொன்னார், பாஸ்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் விவரமாக இருக்கிறது, பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் யாரும் எழுதவில்லை, ஒரே ஒரு கடிதத்தைத் தவிர. அதற்கு நிறையவே எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் பெந்தெகொஸ்தே சபை. மகள் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. என் அம்மா உடனே திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுத்தாக வேண்டும் என்கிறார். மாமனாரோ, 'விவரம் தெரியாத குழந்தைக்கு என்ன ஞானஸ்நானம், பிரதிஷ்டை பண்ணினால் போதும்' என்கிறார். இரண்டையும் செய்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் இல்லையா?

ஓயாது தங்கச்சி. இந்தச் சண்டை உன் வீட்டில் ஆரம்பித்ததில்லை, உன் வீட்டோடு முடியப்போவதும் இல்லை. ஏறக்குறைய கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிள்ளைகள் வளர்ந்து கிறிஸ்துவை அறிந்துகொண்டு வரட்டுமே, என்ன அவசரம் என்று எழுதினார். அதே நகரத்தில் அடுத்த அறுபது ஆண்டுக்குள் ஆயர் சிப்ரியானும் அவரோடு கூடிய 66 ஆயர்களும், விருத்தசேதனத்துக்குப்போல எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பிறந்த உடனே கொடுக்கலாம் என்று முடிவு சொன்னார்கள். அப்போஸ்தலர் 16-இல் சிறைச்சாலைக்காரனும் 'அவனுடையவர்கள் அனைவரும்' ஞானஸ்நானம் பெற்றார்களே, அந்த அனைவரில் கைக்குழந்தை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் இரு பக்கமும் ஒரே வசனத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அதனால் உன் அம்மாவும் முட்டாள் இல்லை, மாமனாரும் முட்டாள் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் கல்யாணம் கத்தோலிக்க ஆலயத்தில் முறைப்படி அனுமதி வாங்கி நடந்திருந்தால், பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நீ வாக்குக் கொடுத்திருப்பாய், அது உன் கணவருக்கும் சொல்லப்பட்டிருக்கும். அந்தப் பேச்சை முதலில் எடு. கல்யாணப் பரபரப்பில் காதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். திருச்சபைச் சட்டம் பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் சம்மதம் போதும், ஆனால் அந்தக் குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நியாயமான நம்பிக்கையும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் சம்மதம் போதும் என்றதும் கணவருக்குத் தெரியாமல் அம்மாவோடு போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று யோசிக்காதே, அந்த ஒரு காரியத்தை யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டும் செய்யலாமா என்றால், பிரதிஷ்டை என்பது ஜெபம். அன்னாள் பால் மறந்த சாமுவேலைக் கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொண்டுபோனதை நினைத்துச் செய்வது. திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு அப்பாவின் சபையில் ஒரு ஜெபம் பண்ணுவதை நான் முரணாகப் பார்க்கவில்லை, ஆனாலும் பங்குத்தந்தையிடமும் பாஸ்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிக்கல் இப்போது இல்லை, பதினைந்து வருடம் கழித்து வரும். அவள் வளர்ந்து, அப்பா சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றால் என்ன செய்வீர்கள்? ஒருமுறை பெற்ற திருமுழுக்கை மறுபடி கொடுக்க முடியாது என்பது கத்தோலிக்க நிலை. 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி ஏற்ற ஆவணமும் மறு ஞானஸ்நானமாகத் தோன்றக்கூடிய எதையும் தவிர்க்கச் சொல்கிறது. உன் கணவரின் சபையோ குழந்தையில் தெளித்ததை ஞானஸ்நானமாகவே எண்ணாது. இதற்கு இன்றைக்கே விடை காண முடியாது, ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று இரண்டு பேரும் இன்றைக்கே பேசிவைக்கலாம்.

அப்புறம், எந்தச் சடங்காக இருந்தாலும் குழந்தை தூங்கும் அல்லது அழும். வாக்குக் கொடுப்பது நீங்கள் இரண்டு பேரும்தான். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயம், ராத்திரி ஜெபம் யார் சொல்லித் தருவது, மறைக்கல்வியா ஞாயிறு பள்ளியா, இதையெல்லாம் நீங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். முடிவை உன் அம்மாவிடம் நீ சொல், அவர் அப்பாவிடம் அவர் சொல்லட்டும். மாற்றிச் சொன்னால்தான் வினை.

ஞானத்தகப்பனாக என் தம்பியை வைக்க வீட்டில் ஆசை. அவன் ஆலயப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது. எனக்கோ என் தோழியை ஞானத்தாயாக வைக்க விருப்பம், ஆனால் அவள் புராட்டஸ்டன்ட். நாங்கள் கத்தோலிக்கர்.

கத்தோலிக்க முறையில் ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தாலே போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும், குழந்தையின் அப்பா அம்மாவாக இருக்கக் கூடாது. உங்கள் தோழி, ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் கூட இருந்தால், திருமுழுக்குக்குச் சாட்சியாக நிற்கலாம். பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறும். தம்பி விஷயம்தான் தர்மசங்கடம். சம்பந்தப்பட்டவனிடமே கேளுங்கள்: "உன் மருமகளுக்கு விசுவாசத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் உன்னிடம் வரலாமா?" சிலர் அந்தக் கேள்வியிலேயே திரும்பி வருவதுண்டு, சிலர் நேர்மையாக 'நான் வேண்டாம்' என்று ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. நல்ல பரிசு வாங்கித் தருவான் என்பதற்காக ஒருவனைப் பீடத்தின் முன் நிறுத்திப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.

பைபிள் பெயர்தான் வைக்க வேண்டுமா?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய 1917-ஆம் ஆண்டுச் சட்டம் புனிதர் பெயரைச் சேர்க்கச் சொன்னது, 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. புராட்டஸ்டன்ட் சபைகளில் பொதுவாக இப்படிக் கட்டாயமே கிடையாது. பைபிளைத் திறந்து விரல் வைத்த இடத்தில் பெயர் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துவிடுங்கள். இக்கபோத் என்றால் மகிமை போய்விட்டது என்று அர்த்தம், பெயர் வைத்தவள் பிரசவத்திலேயே இறந்துபோகிறாள். ஏசாயா தன் பிள்ளைக்கு வைத்த மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்ற பெயரை எந்தப் பள்ளி விண்ணப்பத்திலும் அடைக்க முடியாது. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் படுத்தினால் லூக்கா முதல் அதிகாரத்தைக் காட்டுங்கள். அங்கேயும் சுற்றத்தார் அப்பா பெயரையே வைக்கச் சொல்லி நின்றார்கள், அம்மா முடியாது என்றாள், பேச முடியாத அப்பா பலகையில் 'இவன் பேர் யோவான்' என்று எழுதிக் கதையை முடித்தார்.

என் மனைவிக்குப் பிரசவமாகி மூன்று வாரம். அடுத்த ஞாயிறு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவளும் ஆலயம் வர ஆசைப்படுகிறாள். நாற்பது நாள் தீட்டு, ஆலயத்துக்குள் வரக்கூடாது என்கிறார் அம்மா. பைபிளிலேயே இருக்கிறதாமே?

இருக்கிறது தம்பி. லேவியராகமம் 12: ஆண் பிள்ளை என்றால் நாற்பது நாள், பெண் பிள்ளை என்றால் எண்பது. உங்கள் அம்மா நாற்பதை மட்டும் சொல்கிறார் என்றால் அவருக்கே முழுக் கணக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். மரியாளும் அந்தச் சட்டப்படி ஆலயத்துக்குப் போய், ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்கள் கொடுக்கும் புறாப் பலியைத்தான் கொடுத்தார். ஆனால் அது மோசேயின் சட்டம். 601-இல் போப் கிரகோரி இங்கிலாந்தில் இருந்த அகுஸ்தீனுக்கு எழுதியதாக பீட் பாதிரியாரின் வரலாற்று நூலில் ஒரு பதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற அதே மணி நேரத்தில் ஒரு பெண் நன்றி சொல்ல ஆலயத்துக்குள் வந்தாலும் அது பாவமில்லை என்கிறார். ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்திலும் 1549-இல் 'சுத்திகரிப்பு' என்றிருந்த தலைப்பு 1552-இல் பிரசவத்துக்குப் பின் நன்றி செலுத்தும் ஆராதனை என்று மாறிவிட்டது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நாற்பதாம் நாள் ஜெபம் இன்றும் உண்டு, நீங்கள் அந்தச் சபை என்றால் உங்கள் குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, மூன்று வாரத்தில் உங்கள் மனைவியால் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா என்று அவரிடம் கேட்டீர்களா? தையல் போட்ட உடம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். வருகிறேன் என்று அவர் சொன்னால் பின் வரிசையில் சாய்ந்து உட்கார இடம், பால் கொடுக்க ஒரு தனி அறை, நடுவில் எழுந்து போனால் யாரும் முறைக்காமல் இருக்க ஒரு வார்த்தை, இவை உங்கள் பொறுப்பு. முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள். அம்மா இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நடத்திவிட்டு வருவது மட்டும் வேண்டாம்.

அக்கா, ஏழு வருடம் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. இப்போது ஏழு வாரம். சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். எனக்குப் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. பால் கொடுக்கும்போதே கண்ணீர் வருகிறது. அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. மாமியார் இது விசுவாசக் குறைவு, உபவாசம் இரு என்கிறார். நான் நன்றி கெட்டவளா?

இல்லை அம்மா. நீ நன்றி கெட்டவளும் இல்லை, உன் விசுவாசத்தில் குறையும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். பிரசவமான மூன்று நான்கு நாளில் வரும் அழுகை பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஏழு வாரம் கழித்தும் இப்படி இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கும், அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு. பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல், முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உன் சபையில் போன வருடம் பிள்ளை பெற்ற பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் இன்னொருத்தியும் இருந்திருப்பாள், வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

நீ எழுதிய ஒரு வரியை நான் தாண்டிப் போக முடியாது. நான் இல்லாவிட்டால் நன்றாக இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதை இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும், உன் கணவரிடமோ நீ நம்பும் ஒருவரிடமோ அதே வார்த்தையில் சொல். தனியாக இருக்காதே. இன்றைக்கே மருத்துவரைப் பார். அந்த எண்ணம் அதிகமானாலோ, எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போ. இந்த மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, 1987-இலிருந்து புழக்கத்தில் இருப்பது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதைக் கேட்டு வாங்கி உண்மையாக நிரப்பு. பேச்சு வைத்தியமும் உண்டு, பால் கொடுக்கும் தாய்க்குத் தரக்கூடிய மாத்திரைகளும் உண்டு, மாத்திரை என்றதும் பாலை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயந்து போகாமல் இருந்துவிடாதே.

உபவாசம் கூடவே கூடாது. பால் கொடுக்கும் உடம்பு, அதுவும் தூக்கம் கெட்ட உடம்பு. மாமியாருக்கு வேதம் பிடிக்கும் என்றால் 1 இராஜாக்கள் 19-ஐ அவரையே வாசிக்கச் சொல். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். விசுவாசம் இல்லையா என்று தூதன் கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான், தண்ணீர் கொடுக்கிறான், மறுபடியும் தூங்க விடுகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் கர்த்தரோடு நடந்த பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். உன் வீட்டிலும் அந்த வரிசைதான் சரி. ராத்திரி ஒரு வேளைப் பாலை முன்னாலேயே பீச்சிவைத்துவிட்டு, கணவரோ மாமியாரோ கொடுக்கட்டும், நீ அடுத்த அறையில் கதவைச் சாத்தித் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்கு.

சாட்சி இப்போது வேண்டாம். ஏழு வருடம் உனக்காக ஜெபித்த சபைக்கு நீ எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. பாஸ்டரிடம் உன் கணவர் போய், இன்னும் உடம்பு தேறவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இதைப் படிக்கும் வீட்டாருக்கும் ஒன்று. பிரசவமான பெண் சுத்தமாகத் தூங்காமல் படபடவென்று பேசிக்கொண்டே இருந்தாலோ, கடவுள் என்னிடம் நேரடியாகப் பேசுகிறார், இந்தக் குழந்தை சாதாரணக் குழந்தை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தாலோ, ஜெப வீடுகளில் அதைத் தரிசனம் என்றோ, மாறாகப் பிசாசு என்றோ எடுத்துக்கொள்கிற ஆபத்து உண்டு. அது ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு வரும் மனப்பிறழ்வாக இருக்கலாம், தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. ஜெபம் பண்ணிக்கொண்டே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஜெபக்குழுவினர் கூட்டமாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்து, நெற்றியில் எண்ணெய் பூசுகிறார்கள். வேண்டாம் என்றால் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறேனாம்.

நூற்றுக்கு அதிபதி, நீர் என் வீட்டுக்குள் வரவேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை, இப்படிப்பட்ட விசுவாசத்தை இஸ்ரவேலருக்குள்ளும் காணவில்லை என்று பாராட்டினார். வாசலில் நின்று ஜெபித்தாலும் பலிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முத்தம் கண்டிப்பாக வேண்டாம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் அக்கிக் கிருமி பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது, பிறந்த குழந்தையின் மூளைவரை போய் உயிரையே எடுத்துவிடலாம். கக்குவான் இருமலும் அப்படித்தான். கை கழுவிவிட்டு வருபவர், சளி இருமல் இல்லாதவர், ஒருவர் மட்டும் குழுவின் சார்பில் தலையில் கை வைத்து ஜெபிக்கட்டும். எண்ணெயோ தேனோ வாயில் வைக்கக் கூடாது, தேன் ஒரு வயதுவரை ஆகாது. மூன்று மாதத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவர்.

தொட்டிலில் ஜெபமாலையைக் கட்டித் தொங்கவிடும் அன்பர்களே, கயிறும் மணியும் குழந்தையின் கழுத்துக்கும் தொண்டைக்கும் ஆபத்து, சுவரில் மாட்டுங்கள். தலைமாட்டில் வைக்கும் பைபிளும் மேசைக்குப் போகட்டும், குழந்தை மல்லாக்கப் படுக்கும் இடத்தில் எதுவுமே இருக்கக் கூடாது.

என் பேரன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். சாமியார் வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? எங்கள் குடும்பம் கத்தோலிக்கம்.

அம்மா, உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கலாம், பணியில் இருக்கும் செவிலியர் கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். குழந்தையின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, செவிலியரிடம் சுத்தமான நீர் கொஞ்சம் கேளுங்கள். தலையில் மூன்று முறை சில சொட்டுகள் வழியவிட்டு, பெயரைச் சொல்லி, 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்றால் முடிந்தது. பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். குழந்தை தேறி வீடு வந்ததும் எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுவர்த்தி என்று மிச்சச் சடங்குகளை ஆலயத்தில் செய்துகொள்ளலாம், தண்ணீர் மறுபடி ஊற்றமாட்டார்கள். திருமுழுக்குக் கொடுக்கவே நேரம் கிடைக்காமல் போனால் என்னாகுமோ என்று பயப்படாதீர்கள், அப்படிப்பட்ட குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைப்பதாகத்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. 2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று தனி ஆவணமே வெளியிட்டது. மருத்துவர்கள் அனுமதித்தால் குழந்தையின் அம்மாவை அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள், தோலோடு தோல் அணைத்து வைத்திருப்பது குறைமாதக் குழந்தைகளுக்கு நிஜமாகவே நல்லது.

நான்கு வயது மூத்தவன் 'பாப்பாவைத் திருப்பிக் கொடுத்துடலாமா?' என்று கேட்கிறான்.

நியாயமான கேள்வி! திட்டாதீர்கள். தினமும் கால் மணி நேரம் பாப்பா இல்லாமல் அவனோடு மட்டும் இருங்கள். ஞானஸ்நானத்தன்று அவன் கையில் ஒரு வேலை கொடுங்கள், துண்டைப் பிடித்துக்கொள்வதாக இருந்தாலும் சரி. மோசேயை நாணலில் விட்டபோது தூரத்தில் நின்று காவல் காத்தது அவன் அக்காதான் என்று கதையும் சொல்லுங்கள், ஆனால் காவல் வேலையை நிஜமாகவே அவனிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். எட்டு மாதம். முன்பே ஞானஸ்நானம் ஆனதா தெரியவில்லை. ஆகியிருந்தால் மறுபடி கொடுப்பது பாவமா?

வாழ்த்துகள்! முதலில் தத்து ஏற்பாடு செய்த அலுவலகத்தில் கேளுங்கள், குழந்தை இருந்த இல்லத்தில் கொடுத்திருந்தால் குறிப்பு இருக்கும். விசாரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் கத்தோலிக்க முறையில் 'நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள், வேறு சபை என்றால் உங்கள் ஆயரோ போதகரோ வழி சொல்வார். பதிவேட்டில் பெற்றோர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வரும். பெற்றெடுத்தவர் பெயரைச் சேர்ப்பது, தத்துச் சட்டப் பதிவில் அது எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் தத்து உத்தரவின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள், பங்கு அலுவலகத்தில் இரண்டு முறை அலைய வேண்டாம்.